சீனத்தின் முதல் 300 சொற்கள்: தமிழ் வழியாகச் சேர்க்கும் முறை

சீனாவின் மொத்தச் சந்தை நகரமான யீவூவுக்குப் போன முதல் வாரம். தங்கியிருந்த அறைக்கு எதிரே ஒரு சின்ன நூடுல்ஸ் கடை. சூப் கேட்கலாம் என்று போனேன். கைபேசியில் நான் சேர்த்து வைத்திருந்த பட்டியலில் சூப்புக்கு 'த்ஹாங்' என்று இருந்தது. அதையே தெளிவாக, சத்தமாகச் சொன்னேன். கடைக்கார அம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு கிண்ணத்தில் சர்க்கரை கொண்டு வந்து நூடுல்ஸ் பக்கத்தில் வைத்தார்.

சூப் என்றால் குரல் ஒரே மட்டத்தில் நீள வேண்டும். நான் கேள்வி கேட்கிற தோரணையில் சொன்னதால் கடைசியில் குரல் ஏறிவிட்டது. ஏறினால் அது சர்க்கரை. அன்று என் பட்டியலில் 200 சொற்களாவது இருந்திருக்கும். ஆங்கில அர்த்தத்தோடு வரிசையாக மனப்பாடம் செய்தவை. தெருவில் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

அப்புறம் அந்தப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, ஆங்கிலத்தை நடுவில் நுழைய விடாமல் தமிழிலிருந்து நேராகச் சீனத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாதி சுமை குறைந்தது. தமிழ் பேசுகிறவருக்குச் சீனத்தில் எதிர்பாராத இடங்களிலெல்லாம் பழகிய முகம் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் 300 சொற்களை அந்த வழியில் எப்படிச் சேர்க்கலாம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு முடிவுகள். சீனம் என்று நான் சொல்வது மாண்டரின். சீனாவில் அதைப் 'பொதுமொழி' என்பார்கள். கான்டனீஸ், ஹொக்கியன் எல்லாம் வேறு. காதால் கேட்டால் ஒன்றுக்கொன்று புரியாது. எழுத்தில் எளிமையாக்கப்பட்ட எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனா, சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் அதுதான். தைவான் அல்லது ஹாங்காங் போகிறவர் என்றால் மட்டும் பழைய எழுத்து.

இந்தக் கட்டுரைக்காகச் சீன ஒலிகளைத் தமிழில் எழுதுகிறேன். பின்னால் வரும் 1, 2, 3, 4 என்ற எண் தொனியை, அதாவது அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதத்தைக் குறிக்கும். எண் இல்லாத அசையை லேசாகத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். க், த், ப், ச் ஆகியவற்றோடு 'ஹ' ஒட்டியிருந்தால் மூச்சை ஊதிச் சொல்ல வேண்டும். இது ஊன்றுகோல்தான். உங்கள் குறிப்பில் பின்யினில் எழுதுங்கள். சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுத 1958-இல் சீனா ஏற்றுக்கொண்ட முறை அது. எல்லாப் பாடநூலும், எல்லா அகராதியும், கைபேசியின் விசைப்பலகையும் அதில்தான் ஓடுகின்றன. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் ஜோ யூகுவாங். 1906-இல் பிறந்து 111 வயது வரை வாழ்ந்த மனிதர்.

முதல் வாரம்: சொல்லே வேண்டாம்

ஆமாம், ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாம். ஒலி மட்டும்.

சீனத்தில் தொனியை நீக்கிவிட்டால் மொத்தம் 400 அசைகள்தான் தேறும். தொனியோடு எண்ணினால் 1,300 போல வரும். ஒரு முழு நாகரிகமே இவ்வளவு குறைந்த அசைகளை வைத்துக் குடித்தனம் நடத்துகிறது. அதனால் தொனியை மேலே பூசும் அலங்காரம் என்று நினைத்தால் தொலைந்தோம். நமக்குப் 'பல்' வேறு, 'பால்' வேறு இல்லையா? அதே அளவு வேறு.

நான்கு தொனியும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன, வேறு வேலைக்கு. முதல் தொனி, பாட்டு வாத்தியார் சுருதி பிடிக்கிற மாதிரி உயரத்தில் ஒரே மட்டம். இரண்டாவது, காதில் சரியாக விழாதபோது 'ஆங்?' என்கிறோமே, அந்த ஏற்றம். மூன்றாவது, வேண்டா வெறுப்பாக 'ம்ம்ம்… சரி' என்று அடித்தொண்டையில் இழுப்பது. கீழேயே கிடக்கும் தொனி. நான்காவது, கோபத்தில் 'போ!' என்று வெட்டி இறக்குவது. மா1 அம்மா, மா2 சணல், மா3 குதிரை, மா4 திட்டு. எல்லாப் புத்தகத்திலும் வரும் பழைய உதாரணம், ஆனாலும் நல்ல உதாரணம். இதில் 'மா1மா' என்று இரட்டித்தால் அம்மா. தாய்மாமனுக்கு 'ஜியூ4ஜியூ'. சீன நண்பரின் வீட்டில் குழந்தை 'மாமா' என்று ஓடி வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள், உங்களை இல்லை.

இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறும். 'நீ3 ஹாவ்3' என்று எழுதுவார்கள், 'நீ2 ஹாவ்3' என்று சொல்வார்கள். விதியைப் படிக்க வேண்டாம். சேர்த்துச் சேர்த்துக் கேட்டால் தானே வரும்.

நமக்கு உண்மையான இடைஞ்சல் மூச்சொலிதான். தமிழில் அது கிடையாது. சீனத்தில் 'ப'வும் 'ப்ஹ'வும் தனித்தனி எழுத்து. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'பாவ்3' என்றால் காகிதம் அசையக் கூடாது. வயிறு நிறைந்தது என்று பொருள். 'ப்ஹாவ்3' என்றால் காகிதம் படபடக்க வேண்டும். ஓடு என்று பொருள். விருந்துக்குப் பிறகு 'வயிறு நிறைந்துவிட்டது' என்று சொல்ல நினைத்து, 'சாப்பிட்டு ஓடிவிட்டேன்' என்கிற மாதிரி சொன்னவர்களில் நானும் ஒருவன். மூச்சில்லாத 'ப' பற்றிக் கவலை வேண்டாம்: 'பால்' என்பதில் வரும் நம் ப அப்படியே போதும். ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் இங்கேதான் 'b' என்று கனமாக அழுத்திக் கெடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு சலுகை ழகரம். சீனத்தின் 'ர' போல எழுதப்படும் ஒலி பலருக்குப் பெரிய தலைவலி. நாக்கை மடித்து 'வாழைப்பழம்' சொல்லத் தெரிந்தவருக்குப் பாதிக்கு மேல் வந்துவிடும். மனிதன் 'ழன்2'. இறைச்சி 'ழோ4'. அதோடு 'ஷ்' சேர்ந்து வரும் 'ஷ்ழ்4' என்ற அசை 'ஆகும்' என்ற வினை. ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும்.

ஒரு சொல்லை எப்படி எழுதி வைப்பது

கைபேசியில் அங்கி (Anki) செயலி போதும். சொல் அட்டைகளை மறக்கும் முன் திருப்பிக் காட்டிக்கொண்டே இருக்கும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. அகராதிக்குப் பிளெக்கோ (Pleco) செயலி. காகித அட்டை பிடிக்கும் என்றால் செருப்புப் பெட்டி ஒன்று போதும். எதுவானாலும் அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம்.

முன்பக்கம் தமிழில் பொருள். பின்பக்கம் தொனிக்குறியோடு பின்யின், சீன எழுத்து, அந்தச் சொல் வழக்கமாகக் கூடவே கூட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் அதுதான் காப்பாற்றும். என் அட்டை ஒன்றைக் காட்டுகிறேன். முன்பக்கம்: 'வாங்கு, கடையில்'. பின்பக்கம்: 'மாய்3', எழுத்து, கீழே 'மாய்3 த்ஸாய்4', அதாவது காய்கறி வாங்கு. இன்னொரு அட்டை. முன்பக்கம்: 'விற்றல்'. பின்பக்கம்: 'மாய்4', எழுத்து, கீழே 'மாய்4 வான்2 ல', விற்றுத் தீர்ந்துவிட்டது. வாங்குவதும் விற்பதும் தொனியில் மட்டும்தான் வேறுபடுகின்றன. தனியாக வைத்தால் பத்து நாளில் இரண்டும் குழம்பும். துணையோடு வைத்தால் குழம்பாது. இன்னொன்று: இப்படிப்பட்ட இரட்டைகளை ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஒன்று பழகிய பிறகு ஒரு வாரம் விட்டு அடுத்தது.

ஏன் தமிழில் பொருள்? 'brother' என்று எழுதி வைத்தால் சீனத்தில் எந்தச் சொல் என்று யோசிக்க வேண்டும். 'அண்ணன்' என்றால் 'க1க', 'தம்பி' என்றால் 'தி4தி'. அக்கா 'ஜியெ3ஜியெ', தங்கை 'மெய்4மெய்'. நம்மைப் போலவே அவர்களுக்கும் மூத்தவர் இளையவர் பார்க்காமல் உறவே இல்லை. அப்பாவின் அண்ணன் ஒரு சொல், அப்பாவின் தம்பி ஒரு சொல்: பெரியப்பா, சித்தப்பா. அத்தை வேறு, அம்மாவின் சகோதரி வேறு. அப்பா வழிப் பாட்டிக்கும் அம்மா வழிப் பாட்டிக்கும்கூடத் தனித்தனிப் பெயர் உண்டு.

'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் அங்கே உண்டு. எதிரில் இருப்பவரையும் சேர்த்தால் 'ட்ஸான்2மன்', பொதுவாக 'வோ3மன்'. வடக்கே இதைக் கேட்கலாம். தெற்கே பெரும்பாலும் இரண்டுக்கும் 'வோ3மன்'தான். மரியாதைக்கு 'நின்2', அதாவது நீங்கள். சாதாரணமாக 'நீ3'. பொருளும் நீதான். தற்செயல் ஒற்றுமை, இதை வைத்துச் சீனமும் தமிழும் ஒரே குடும்பம் என்று வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம்.

முதல் ஐம்பது: கடைத்தெருவில் நிற்கத் தேவையானவை

பழங்களின் பெயர், விலங்குகளின் பெயர் என்று ஆரம்பிக்கிற புத்தகங்கள் நிறைய. யானைக்குச் சீனத்தில் என்ன என்பது முதல் மாதத்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

சுட்டும் வினாவும் முதலில். இது, அது, எது: 'ஜ4', 'நா4', 'நா3'. இங்கே, அங்கே, எங்கே: 'ஜ4லி', 'நா4லி', 'நா3லி'. நம் இ, அ, எ வரிசை மாதிரியே ஒரு தலைமாற்று. அதற்கும் எதற்கும் நடுவில் தொனி மட்டும் வேலி. அப்புறம் என்ன 'ஷன்2ம', யார் 'ஷெய்2', எவ்வளவு 'தூவோ1ஷாவ்', எப்படி 'ட்ஸன்3ம'. வினாச்சொல் வாக்கியத்தின் தலைக்கு ஓடாமல், பதில் எங்கே உட்காருமோ அங்கேயே உட்காரும். இதுவும் நம் பழக்கம்தான்.

ஆம், இல்லை என்று தனிச்சொல் தேடாதீர்கள். 'யோ3 மா?' என்றால் 'இருக்கா?'. பதில் 'யோ3', இருக்கு. அல்லது 'மெய்2யோ3', இல்லை. 'யாவ்4 மா?' என்றால் 'வேணுமா?'. பதில் 'யாவ்4', வேணும், அல்லது 'பூ2 யாவ்4', வேணாம். கேள்வியில் வந்த வினையையே திருப்பிச் சொல்கிறோம், நம் ஊர் மளிகைக் கடையில் பேசுகிற மாதிரி. கடைசியில் ஒட்டும் 'மா'தான் நம் 'ஆ'.

வினைச்சொற்களில் இருபது போதும்: போ, வா, பார், கேள், பேசு, சாப்பிடு, குடி, வாங்கு, கொடு, நினை, தெரியும் இந்த வகை. 'போனேன், போனாய், போனார்கள்' என்று வால் மாறாது. எல்லாவற்றுக்கும் 'ச்ஹ்யூ4' ஒன்றே. முடிந்துவிட்டதைக் காட்ட 'ல' ஒன்று ஒட்டும். ஏறக்குறைய நம் 'ஆச்சு'. பழைய தலைமுறைச் சீனர்கள் வழியில் பார்த்தால் 'ச்ஹ்ழ்1 ல மா?' என்பார்கள். 'சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். சாப்பாடு போடப் போவதில்லை, நலம் விசாரிக்கிறார்கள். பதில் சொல்லத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

எனக்கு மிகவும் பிடித்தது 'க்ஹான்4'. பார் என்று பொருள். வேறொரு வினைக்குப் பின் வந்தால் முயற்சி ஆகிவிடும். சட்டைக் கடையில் 'ஷ்ழ்4ஷ்ழ் க்ஹான்4' என்றால் போட்டுப் பார். பழக்கடையில் 'ச்ஹாங்2ச்ஹாங் க்ஹான்4' என்றால் ருசித்துப் பார். ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியிருந்த என் புத்தகம் இதற்கு அரைப் பக்கம் எடுத்துக்கொண்டது. தமிழில் ஒரு வரிகூட வேண்டாம்.

தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு. வினை நமக்குக் கடைசியில், அவர்களுக்கு நடுவில். 'நான் தேநீர் குடிக்கிறேன்' என்பதை 'நான் குடி தேநீர்' என்ற வரிசையில் சொல்ல வேண்டும். ஆனால் 'நான் வாங்கிய புத்தகம்' மாதிரித் தொடர்கள் அப்படியே நம் வரிசையில் வரும்: நான், வாங்கு, 'த', புத்தகம். அந்தத் 'த'தான் சீன எழுத்தில் மிக அதிகமாக வரும் எழுத்து. என்னுடைய, அவருடைய என்பதற்கும் அதுவே.

அழைக்கும் சொற்களை மறந்துவிட வேண்டாம். கடைக்காரரை 'லாவ்2பான்3', முதலாளி. ஓட்டுநரை 'ஷ்ழ்1ஃபு', நம் 'அண்ணே' இடத்தில் நிற்கும் சொல், நேர்ப்பொருள் ஆசான். நடுவயதுப் பெண்களை 'ஆ1யி2'. பெயர் தெரியாதவரிடம் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லித் தொடங்கினாலே முகம் மலரும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ழோ4' என்று பொதுவாகச் சொன்னால் பல இடங்களில் பன்றி இறைச்சி என்றே பொருள். 'வோ3 ச்ஹ்ழ்1 ஸூ4', நான் சைவம், என்பதை முதல் நாளே படித்துவிடுங்கள். கூடவே 'பூ2 யாவ்4 ழோ4' என்றும் சொல்லிவிடுவது நல்லது.

எண்கள்: ஒரு மாலை வேலை

யீ1, அழ்4, ஸான்1, ஸ்4, வூ3, லியூ4, ச்ஹி1, பா1, ஜியூ3, ஷ்ழ்2. பத்தும் தெரிந்தால் 99 வரை முடிந்தது. பதினொன்று 'பத்து ஒன்று', இருபது 'இரண்டு பத்து'. நம் தொண்ணூறு, தொள்ளாயிரம் மாதிரித் தடம் மாறுவதே இல்லை. கிழமைகளும் இனாம்: திங்கள் 'வாரம் ஒன்று', செவ்வாய் 'வாரம் இரண்டு', ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. மாதங்களும் அப்படியே, ஒன்றாம் மாதம் முதல் பன்னிரண்டாம் மாதம் வரை. ஒரே மாலையில் முப்பது சொற்கள்.

சிக்கல் பெரிய எண்ணில். ஆயிரத்துக்கு அடுத்து அவர்களுக்குப் பத்தாயிரம்தான் படி, பெயர் 'வான்4'. மில்லியன் கணக்கில் யோசிக்கிறவர்கள் இங்கே திணறுவார்கள். நாம் லட்சத்தைப் பிடித்துக்கொள்ளலாம்: ஒரு லட்சம் என்றால் 10 வான்4. மூன்றரை லட்சம் 35 வான்4. ஒரு கோடி 1,000 வான்4. பத்துக் கோடிக்கு 'யீ4' என்று தனிச்சொல் இருக்கிறது. லட்சத்துக்குப் பக்கத்தில் ஒரு சுழியம் சேர் என்று நினைவு வைத்தால் போதும்.

யீவூவின் மொத்தச் சந்தையில் 70,000-க்கும் மேற்பட்ட கடைகள். எல்லார் கையிலும் கால்குலேட்டர். அதைத் தட்டிக் காட்டினால் மொழியே வேண்டாம் என்று ஒரு மாதம் ஓட்டினேன். வேகமாக விலை சொல்கிறவர்கள் கால்குலேட்டரைத் தொடுவதில்லை என்று பிறகுதான் புரிந்தது. அந்தப் பக்கத்து உச்சரிப்பில் ஷகரம் ஸகரமாகிவிடும். அதனால் நான்கும் பத்தும் ஒன்றுபோலவே கேட்கும், தொனிதான் பிரிக்கும். வெட்டி இறங்கினால் நான்கு, ஏறினால் பத்து. சந்தேகம் வந்தால் கை இருக்கிறது. இரண்டு ஆள்காட்டி விரலையும் குறுக்கே வைத்தால் பத்து. கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டினால் ஆறு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் எட்டு. நாம் அதை இரண்டு என்று எடுத்துக்கொண்டு ஏமாறுவோம். எண்ணோடு கை முத்திரையையும் சேர்த்தே படியுங்கள்.

காய்கறி விலை 'ஜின்1' கணக்கில் சொல்வார்கள். சீனாவில் ஒரு ஜின்1 அரை கிலோ. கிலோ என்று நினைத்து 'எவ்வளவு மலிவு' என்று மகிழ்ந்துவிட்டு, பிறகு பையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

முழம், சீப்பு, கட்டு

சீனத்தில் எண்ணையும் பொருளையும் நேராக ஒட்ட முடியாது. நடுவில் ஒரு அளவுச்சொல் வேண்டும். இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு முழம் பூ, ஒரு கட்டுக் கீரை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கவளம் சோறு, மூன்று பேர் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது புதிதா? நாம் சில பொருளுக்குச் செய்வதை அவர்கள் எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

'க4' என்பது எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒப்பேறும். முதல் மாதம் அதோடு 'பெய்1' (கோப்பை), 'வான்3' (கிண்ணம்), 'பென்3' (புத்தகம்) போதும். பிறகு தட்டையான காகிதம், மேசைக்கு 'ஜாங்1', நீளமாக வளைவதற்கு 'த்ஹியாவ்2': மீன், சாலை, கால்சட்டை எல்லாம் அதில். அட்டையில் பெயர்ச்சொல்லை எழுதும்போதே அளவுச்சொல்லோடு எழுதிவிடுங்கள். பின்னால் தனியாக ஒட்டப் போனால் ஒட்டாது. இன்னொன்று: எண்ணும்போது இரண்டு 'அழ்4', இரண்டு பொருள் என்றால் 'லியாங்3'.

ஒரு சொல்லைப் பிடித்தால் பத்து வரும்

நூறு சொல் தாண்டியதும் வேகம் கூடும். காரணம், பெரும்பாலான சீனச் சொற்கள் இரண்டு சின்னச் சொற்களின் கூட்டு. 'தியென்4' என்றால் மின். மின் பேச்சு தொலைபேசி, மின் மூளை கணினி, மின் நிழல் சினிமா, மின் காட்சி டிவி, மின் ஏணி லிஃப்ட். மின்விளக்கு, மின்தூக்கி, மின்னஞ்சல் என்று நாம் கட்டிய அதே முறை. தீ வண்டி ரயில். நாம் புகையைப் பார்த்தோம், அவர்கள் நெருப்பைப் பார்த்தார்கள். தானே நடக்கும் வண்டி சைக்கிள். நாம் மிதிவண்டி என்றோம்.

'க்ஹோ3' என்ற சொல்லை எடுங்கள். பொருள் வாய். எழுத்தும் வாய் திறந்த மாதிரி ஒரு கட்டம். கதவு வாய் என்றால் வாசல். நம் 'வாயில்' என்ற சொல்லுக்குள்ளும் ஒரு வாய் இருக்கிறது. வெளியேறும் வாய் 'ச்ஹூ1க்ஹோ3': ரயில் நிலையத்தில் வெளியே போகும் வழி அதுவே, துறைமுகத்தில் ஏற்றுமதியும் அதுவே. உள்ளே நுழையும் வாய் 'ழு4க்ஹோ3', நுழைவாயில். மனித வாய்கள் என்றால் மக்கள்தொகை. வாய்மொழி 'க்ஹோ3யூ3', பேச்சுமொழி. நம் சொல்லின் அச்சு அசல். இப்படி ஒரு வேர்ச்சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கிளைகளைக் கண்ணில் படும்போதெல்லாம் எழுதி வாருங்கள். அகராதியைத் திறந்து ஒரேயடியாக எல்லாக் கிளையையும் கொட்ட வேண்டாம். தெருவில் பார்த்தது மட்டும்.

எதிர்ச்சொற்களைக் கட்டுவதும் ஒரு வேடிக்கை. பல-சில சேர்ந்தால் 'எவ்வளவு'. பெரிது-சிறிது சேர்ந்தால் 'அளவு'. வாங்கு-விற்றல் சேர்ந்தால் வியாபாரம்; நம் 'கொடுக்கல் வாங்கல்' ஜாடை. கிழக்கு-மேற்கு சேர்ந்தால் 'பொருள், சாமான்'. இதற்கு மட்டும் எனக்குத் தமிழில் துணை கிடைக்கவில்லை.

எழுத்து எவ்வளவு, எப்போது

சொல்லோடு எழுத்தையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். கையால் எழுதுவதை முதல் ஐம்பது எழுத்தோடு நிறுத்தலாம் என்பது என் கட்சி. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற கோட்டு வரிசை கைக்குப் பழக அவ்வளவு போதும். இன்று சீனர்களே பெரும்பாலும் கைபேசியில் பின்யினைத் தட்டி, வரும் எழுத்துகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடையாளம் தெரிந்தால் எழுதிவிடலாம்.

எழுத்தை ஒரு படமாகப் பார்க்காமல் உறுப்பு உறுப்பாகப் பிரியுங்கள். இடப்பக்கம் மூன்று நீர்த்துளி இருந்தால் தண்ணீர் சம்பந்தம்: ஆறு, ஏரி, கடல், சூப், வியர்வை, கண்ணீர், சாராயம். இடப்பக்கம் பெண் குறி இருந்தால் அம்மா, அக்கா, தங்கை. வலப்பக்கம் பெரும்பாலும் ஒலிக்கு. பெண் குறியோடு குதிரை சேர்ந்தால் அம்மா. குதிரைக்கும் அம்மாவுக்கும் சம்பந்தம் இல்லை, 'மா' என்ற ஓசைக்காக வந்து நிற்கிறது. வாயோடு குதிரை சேர்ந்தால் கேள்வி கேட்கும் 'மா'. இரண்டு வாய் சேர்ந்தால் திட்டு. அடிக்கடி வரும் முதல் 1,000 எழுத்துகள் தெரிந்தால் சாதாரண எழுத்தில் சுமார் 90 சதவீதத்தை அடையாளம் காணலாம். ஆனால் 90 சதவீத எழுத்து தெரிவதும் 90 சதவீதம் புரிவதும் ஒன்றில்லை. மீதிப் பத்தில்தான் விஷயமே ஒளிந்திருக்கும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இலவசப் பாடநூல் சுவரிலேயே தொங்குகிறது. கட்டுமான இடங்களில் அபாய அறிவிப்பு நான்கு மொழியில் இருக்கும். தமிழ் வரியையும் சீன வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. ஜெங் ஹ என்ற சீனக் கடற்படைத் தளபதி இலங்கையில் நிறுவிய 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. காலியில் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பத்து வாரக் கணக்கு

ஒலி வாரம் முடிந்த பிறகு, வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு ஆறு புதுச் சொல். பத்து வாரத்தில் 300. மீதி இரண்டு நாளும் புதுச் சொல் கிடையாது, பழையதை மட்டும் திருப்ப வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் இருபது சேர்க்கத் தோன்றும். மூன்றாம் வாரம் அங்கி உங்கள் முன் 150 அட்டைகளை நீட்டும். அன்றோடு பலர் செயலியை அழித்துவிடுகிறார்கள்.

காலையில் பதினைந்து நிமிடம் அட்டை, வாய்விட்டுச் சொல்லி. மனதுக்குள் சொன்னால் தொனி எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. தொனி தவறினால் சொல்லே தவறு என்று குறித்துக்கொள்ளுங்கள், கருணை காட்டாதீர்கள். மாலையில் பதினைந்து நிமிடம் கேட்பது. புதுச் சொல் ஆறையும் வைத்து மூன்று வாக்கியம் அமைத்து, குரலைப் பதிவு செய்து, தெரிந்த சீனர் யாருக்காவது வீசாட்டில் அனுப்புங்கள். ஆள் கிடைக்காவிட்டால் கைபேசியின் குரல்வழித் தட்டச்சைச் சீனத்துக்கு மாற்றிவிட்டுப் பேசுங்கள். சூப் என்று சொன்னது சர்க்கரை என்று திரையில் வந்தால் யார்மேல் தப்பு என்று தெரிந்துவிடும்.

ஒரே சொல் ஆறேழு தடவை மறந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அட்டையை நீக்கிவிட்டு, தெருவில் அது எங்காவது எதிர்ப்படும்போது மறுபடி சேருங்கள்.

தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், சீன மொழித் திறன் தேர்வான ஹெச்எஸ்கே (HSK) சொற்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு நிலை கொண்ட பழைய முறையில் முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாம் நிலைக்கு மொத்தம் 300. 2021-இல் வந்த ஒன்பது நிலைத் தரத்தில் முதல் நிலைக்கே 500. பட்டியலை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் அட்டைகளில் விடுபட்டது எது என்று டிக் போட மட்டும் பயன்படுத்துங்கள்.

நான்கெழுத்துப் பழமொழிகள், கவிதை, உங்கள் பெயரைச் சீனத்தில் அழகாக எழுதுவது எல்லாம் இந்தப் பத்து வாரத்தில் வேண்டாம். நிறங்களில் சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் போதும்.

பத்தாம் வாரக் கடைசியில் ஒரு சோதனை. கையில் கைபேசி இல்லாமல் ஒரு சீனக் கடைக்குள் போய், ஒரு பொருளைச் சுட்டி 'ஜ4க தூவோ1ஷாவ் ச்ஹியென்2' என்று விலை கேளுங்கள். கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்தால் உங்கள் தொனி இன்னும் தேற வேண்டும். எடுக்காமல் வாயாலேயே மளமளவென்று பதில் சொன்னால், அந்தப் பதிலில் எத்தனை சொல் பிடிபட்டது என்று எண்ணிக்கொண்டு வந்து, பிடிபடாததை அன்றிரவே அட்டையில் எழுதுங்கள்.